மழையின் காரணமும் மனிதனின் கணக்கும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதியன்று பகலிலும் இரவிலுமாக, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின்மேல் பொழிந்த மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் ஆக அளவிடப்பட்டது. கார்த்திகை மாதம் முழுவதிலும் பெய்தால் போதுமென்று உழவர் எண்ணும் மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. நவம்பர் மழையிலேயே நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்த ஏரிகள் பல அதைத் தாங்கமாட்டாமல் கரை உடைத்துக்கொள்ள, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்துவிடப்பட்ட வெள்ளம் அடையாற்றின் இரு கரைகளையும் மூழ்கடித்துச் சென்னை மாநகரின் பெரும்பகுதியை நீரில் நிறுத்திவிட்டது. வெள்ளம் வடிந்த பின்னும் வடியாமல் நின்ற வினா ஒன்று உண்டு. இது இயற்கையின் செயலா, மனிதனின் செயலா என்பதே அது. பூமண்டலத்தின் உஷ்ணம் ஏறுவதற்கு மனிதன் காரணமா என்று பல பத்தாண்டுகளாக உலகம் நடத்திவரும் பெரிய விவாதம், நம் மாவட்டத்து ஏரிக்கரையில் வந்து நின்ற வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், மழைக்காலத்தில் கலங்கல் வழிவதைப் பார்க்க ஊரார் கூடி நிற்குமிடத்தில், இந்த விவாதத்தை யாரும் காதாரக் கேட்கலாம். ஆயுள் முழுவதும் மதகைத் திறந்தும் மூடியும் வந்த நீர்க்கட்டி ஒருவர், "மனுஷன் கையில என்ன தம்பி இருக்கு? பெய்யறதும் காயறதும் மேலே இருக்கிறவன் வேலை. எங்க முப்பாட்டன் காலத்துல தாது வருஷப் பஞ்சம் வந்துச்சே, அப்ப ஊருக்குள்ள எந்த லாரி ஓடிச்சு?" என்பார். கல்லூரிக்குப் போய்வரும் இளைஞன், "அது வேற தாத்தா. இப்ப நடக்கிறது நாம விட்ட புகையால நடக்குது, படிச்சவங்க எல்லாம் சொல்றாங்களே" என்பான். களை எடுத்துவிட்டுக் கரைமேல் ஏறி வரும் அம்மாளோ, "அநியாயம் பெருகிப்போச்சுப்பா, அதான் மழை தப்பிப்போச்சு" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கிவிட்டு நடந்துவிடுவார்.

இம்மூன்று அபிப்பிராயங்களில் பின்னவை இரண்டும் மனிதனைக் குற்றம் சாட்டுவதால் ஒரே கட்சி போலத் தோன்றினும், உண்மையில் அவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரிது. அரசன் கோல் கோடினால் மழை பொய்க்கும் என்றும், தருமம் தவறாத நாட்டில் மாதம் மும்மாரி பெய்யும் என்றும் நம்பி வந்த மக்கள் நாம். வானத்துக்கும் மனிதனின் நடத்தைக்கும் சம்பந்தம் உண்டென்பது நமக்குப் புதிய செய்தி அன்று. ஆனால் பாவத்தினால் மழை மாறுகிறது என்பது வேறு, கரியினால் மாறுகிறது என்பது வேறு. பாவத்தை அளக்கக் கருவி இல்லை, கரியை அளக்கலாம். எவ்வளவு எரித்தோம், எவ்வளவு காற்றில் தங்கியது, அதனால் எத்தனை பாகை சூடு ஏறியது என்று வினவி விடை பெறக்கூடிய இடத்தில்தான் சாஸ்திரம் தொடங்குகிறது. படித்தவர் சொல்கிறார்கள் என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ளும் இளைஞனைவிட, தாது வருஷத்தைச் சுட்டிக்காட்டி மறுக்கும் முதியவரே விவாதத்தின் முறையை அறிந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அவர் ஒரு பிரமாணத்தை முன்வைக்கிறார். அதற்கு விடை சொல்லவேண்டியது நம் கடமை.

1876-ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்துக்கு மழை பொய்த்ததே தொடக்கம். அந்தப் பொய்ப்புக்குப் பசிபிக் சமுத்திரத்தின் நீர்ப்பரப்பு வழக்கத்துக்கு மீறிச் சூடேறும் எல் நினோ என்னும் இயற்கை நிகழ்ச்சி பெருங்காரணம் என்பதை இன்று அறிவோம். மழை பொய்த்ததைப் பெருஞ்சாவாக மாற்றியதில் அன்றைய ஆட்சியின் பங்கு என்ன என்பது வேறொரு வழக்கு. அக்காலத்துப் பஞ்சங்கள் கண்ட பிறகுதான் சூரியனுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராயவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, கொடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் புள்ளிகள் அங்கே நாள்தோறும் பதிவாகி வருகின்றன. அதே நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், நம் நாட்டு மழையை முன்கூட்டி அறியும் வழி தேடிப் புறப்பட்டு, இந்து மகா சமுத்திரத்துக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடையே காற்றழுத்தம் ஏறி இறங்கும் பெரிய ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். ஆகவே, மனிதன் இத்தனை புகை விடாத காலத்திலும் மழை பொய்த்தது, மிகுந்தது, ஊரை அழித்தது என்னும் பெரியவரின் கூற்று முற்றிலும் மெய். வெள்ளம் வந்த 2015-ஆம் ஆண்டும் வலிமை மிக்க எல் நினோ ஆண்டே.

ஆயினும், இயற்கையால் முன்பு நிகழ்ந்தது என்பதனால் இப்போது நிகழ்வதும் இயற்கையாலேயே என்று முடிவு கட்ட இயலாது. மின்னல் விழுந்து குடிசை எரிந்த ஊரில், பின்னொரு நாள் வேறொரு குடிசை எரிந்தால், மின்னலையும் விசாரிக்கவேண்டும், விளக்கையும் விசாரிக்கவேண்டும். அவ்வாறே சூரியன் விசாரிக்கப்பட்டது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனிடமிருந்து வரும் சக்தியை நேரே அளந்து வருகின்றன. பதினோராண்டுக்கு ஒருமுறை அது சற்றே ஏறுவதும் இறங்குவதும் உண்டேயன்றி, இத்தனை ஆண்டுகளில் ஏறுமுகமாகச் செல்லவில்லை. பூமியின் உஷ்ணமோ ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மேலும், சூரியனே காரணமாயின் வாயு மண்டலம் அடி முதல் முடி வரை சூடேறவேண்டும். நாம் வாழும் அடியடுக்கு சூடேற, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்ந்து வருவதைக் கருவிகள் காட்டுகின்றன. கீழிருந்து எழும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான தடயம் கிடைப்பது அரிது. எரிமலைகளும் விசாரிக்கப்பட்டன, அவை ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, மனிதர் வெளியிடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். காற்றில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்கே உள்ள ஒரு வாயுவா இத்தனை பெரிய பூமியைச் சூடாக்கும் என்பது பலர் மனத்தில் உறுத்தும் நியாயமான கேள்வி. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிர்களைத் தடையின்றி விட்டுவிடுகின்றன; அவற்றைப் பிடித்து நிறுத்துபவை நீராவி, கரியமில வாயு முதலிய சில மட்டுமே. பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1824-இல் அனுமானித்ததும், 1856-இல் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணியும் 1859-இல் ஜான் டிண்டலும் தத்தம் சோதனைகளில் கண்டதும் இவ்வுண்மையை நோக்கிய படிகளே. இவ்வாயுக்கள் அறவே இல்லையெனில் பூமியின் சராசரி உஷ்ணம் உறைநிலைக்கும் கீழே பதினெட்டுப் பாகையாக இருந்திருக்கும். ஏரியும் இல்லை, நெல்லும் இல்லை. 1896-இல் சுவீடன் நாட்டு அர்ரேனியஸ், நிலக்கரி எரிப்பதால் இவ்வாயு பெருகினால் என்னவாகும் என்று கையாலேயே கணக்கிட்டார். அரசியல் கட்சிகள் இதைப் பற்றிச் சண்டையிடத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கணக்குப் போடப்பட்டுவிட்டது என்பதை வாசகர்கள் கருத வேண்டும்.

அந்தக் கணக்கை உத்திரமேரூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது, ஏனெனில் ஏரியை அறிந்தவர்கள் அவர்கள். வரத்துக் கால்வாயில் வரும் நீரும் மதகிலும் கலங்கலிலும் போகும் நீரும் சமமாயிருந்தால் நீர்மட்டம் நிலைத்து நிற்கும். போக்கு அப்படியே இருக்க வரத்து சிறிதே மிகுந்தாலும் மட்டம் நாளுக்கு நாள் ஏறும். வாயு மண்டலத்தில் கரியமில வாயு பல்லாயிரம் ஆண்டுகள் பத்து லட்சத்துக்கு 280 பங்கு என்னும் அளவை ஒட்டியே நின்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து இன்று மனிதர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடி டன் வாயுவை அதில் சேர்க்கிறார்கள். காடழிப்பினால் சேர்வது தனி. சமுத்திரமும் மரஞ்செடிகளும் அதில் ஏறத்தாழப் பாதியை உறிஞ்சிக்கொள்ள, எஞ்சியது தங்குகிறது. 1958-இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 ஆக இருந்த மட்டம் இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. சேர்ந்த வாயு யாருடையது என்பதற்கும் சாட்சி உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த கரியில் கதிரியக்கக் கரியணு அழிந்தொழிந்திருக்கும். காற்றிலுள்ள கரியில் அவ்வணுவின் பங்கு நீர்த்துப்போனதை ஆராய்ந்தவர்கள், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி போன்ற பழங்கரியே காற்றில் கலக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்கள்.

இவ்விஷயத்தில் நம்மவர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் போவது நன்றியன்று. தமிழ் மண்ணில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிலகமொன்றில் வாயுக் கசிவைத் தடுக்கும் வேலை பார்த்த வீரபத்ரன் ராமநாதன், பின்னர் அமெரிக்கா சென்று, அதே குளிர்பதன வாயுக்கள் கரியமில வாயுவைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பவை என்று 1975-இல் நிறுவினார். பூமியின் உஷ்ண ஏற்றம் இயற்கையின் ஏற்ற இறக்கங்களைத் தாண்டி 2000-ஆம் ஆண்டுக்குள் கண்ணுக்குத் தெரிய வரும் என்று 1980-இல் ரோலண்ட் மேடனுடன் சேர்ந்து அவர் முன்னுரைத்தது பலித்தது. 1988-இல் அமைக்கப்பட்ட ஐ.பி.சி.சி. என்னும் பன்னாட்டு அரசுகளின் குழு, 1995-இல் மனிதனின் பங்கு புலப்படுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கி, 2001, 2007, 2013 என ஒவ்வோர் அறிக்கையிலும் உறுதியைக் கூட்டி, 2021-இல் இதில் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியது. ஒரே நாளில் கூவி முடித்த தீர்ப்பு அன்று இது.

அந்தக் குழு தவறியதும் உண்டு, நம் நாட்டிலேயே அது பெரிய விவாதமானதும் உண்டு. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோகக்கூடும் என்று அதன் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு வாசகம் இடம்பெற்றிருந்தது. 2009 நவம்பரில், அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ், புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா எழுதிய ஆய்வுரையை வெளியிட்டு அதை மறுத்தார். குழுவின் தலைவர் ராஜேந்திர பச்சௌரி அந்த ஆய்வுரையைக் கடுஞ்சொல்லால் ஒதுக்கினார். இரண்டு மாதத்தில், 2035 என்பதற்கு ஆதாரமில்லை என்று குழுவே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பனியாறுகள் தேய்ந்து வருவது மெய். அவ்வளவு விரைவில் மறையும் என்றது பிழை. பிழையைச் சுட்டியவரை இகழ்ந்தது அதனினும் பெரிய பிழை என்பேன். ஏனெனில், சந்தேகிப்பவனின் வாயை அடைக்கும் சாஸ்திரம் அந்தக் கணமே சாஸ்திரத்தன்மையை இழந்துவிடுகிறது.

இனி 2015 வெள்ளத்துக்கு வருவோம். அந்த ஒருநாள் மழைக்குப் புவி வெப்பமேற்றம் காரணமா என்று நெதர்லாந்தின் வான் ஓல்டன்போர்க், ஆக்ஸ்போர்டிலிருந்த ஃப்ரீடரிக்கே ஓட்டோ, டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ் முதலியோர் கூடி ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். வெப்பமேற்றத்தின் விளைவு இம்மழையில் தென்படவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. மனிதன் பூமியைச் சூடாக்குகிறான் என்பதில் சற்றும் ஐயமில்லாத விஞ்ஞானிகள், தம் கட்சிக்குச் சாதகமாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு பெருவெள்ளத்தை எடுத்துக்கொண்டு, இதில் எங்களால் நிரூபிக்க முடியவில்லை என்று எழுதினார்கள்! அவர்களுடைய மற்றக் கூற்றுகளை நான் நம்புவதற்கு இந்த ஒரு வாக்குமூலம் போதும். அதற்கு அவர்கள் காட்டிய காரணமும் சிந்திக்கத்தக்கது: நம் நாட்டின்மேலும் வங்கக் கடலின்மேலும் படர்ந்துள்ள புகையும் தூசும் சூரிய ஒளியைத் தடுத்து, கரியமில வாயு ஏற்றும் சூட்டை இதுவரை மறைத்து வந்திருக்கலாம் என்றார்கள். 1999-இல் இந்து மகா சமுத்திரத்தின்மேல் நடந்த பெரிய ஆய்வில் இந்தப் பழுப்பு மேகத்தை உலகுக்குக் காட்டியவரும் அதே ராமநாதன்தான். மூச்சுக்குக் கேடான அந்தப் புகையை நாம் நீக்கும் நாளில், மறைந்திருந்த சூடு வெளிப்படும். ஒரு பாகை சூடேறிய காற்று ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பதால், வருங்காலத்துப் பெருமழை இன்னும் பெரிதாகும் என்னும் எச்சரிக்கை அப்படியே நிற்கிறது.

அப்படியானால் அவ்வெள்ளத்தில் மனிதனின் கை இல்லையா? உண்டு, கையெட்டும் தூரத்திலேயே உண்டு. 2018-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, நீர்நிலை ஆக்கிரமிப்பையும் செம்பரம்பாக்கத்து நீரைத் திறந்துவிட்டதில் நேர்ந்த குறைகளையும் எடுத்துக்காட்டி, அதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. ஒரே வெள்ளத்தைப் பற்றி, வானத்தளவில் மனிதனின் குற்றம் நிரூபணமாகவில்லை என்று ஓர் அறிக்கையும், தரையளவில் நிரூபணமாயிற்று என்று மற்றோர் அறிக்கையும் நம் கையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் சிலரே. கால்வாயைத் தூர்த்தவர்களும் ஏரியுள் மனை போட்டவர்களும் எல்லாம் காலநிலை மாற்றம் என்று வானத்தைக் காட்டித் தப்பிக்கிறார்கள். காலநிலை மாற்றமே பொய் என்பவர்களோ எல்லாம் ஆக்கிரமிப்பு என்று தரையைக் காட்டித் தப்பிக்கிறார்கள்.

மனிதன் என்கிறோமே, எந்த மனிதன் என்பதையும் கேட்டாக வேண்டும். நம் உழவர்கள் இதை விட்டுக்கொடுக்கலாகாது. 1990-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நிறுவனமொன்று வெளியிட்ட கணக்கு, நெல் வயலிலும் மாட்டின் வயிற்றிலும் உண்டாகும் மீத்தேன் வாயுவைச் சேர்த்து இந்தியாவையும் பெருங்குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்தியது. நீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குவது மெய்தான். ஆனால் 1991-இல் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுந்து, பிழைப்புக்காக ஏழை உழவன் வெளியிடும் வாயுவையும் ஆடம்பரத்துக்காகச் செல்வ நாட்டார் வெளியிடும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று கேட்டார்கள். அக்கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. தொழிற்புரட்சிக் காலம் தொட்டு காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவரைக் கொண்ட இந்தியாவின் பங்கு நூறில் மூன்று நான்கு மட்டுமே.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில், முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்த முப்பதின்மரில் அறுவர் ஏரி வாரியத்தார். பல்லவர் காலத்து வைரமேக தடாகத்தைக் காப்பது அவர்கள் பொறுப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரை மட்டுமன்றி, அவனுடைய உற்றார் பலரின் பெயரையும் குடத்தில் இடலாகாது என்பது அவ்வூர்ச் சபையார் விதித்த விதி. உலக நாடுகள் ஆண்டுதோறும் கூடிப் பேசும் மாநாடுகளில், எரித்த கரிக்குக் கணக்குக் காட்டு என்று வளர்ந்த நாடுகளை நோக்கி நாம் வற்புறுத்துவது புதிதாகக் கற்ற நியாயம் அன்று.

அந்த நியாயத்தை வெளியாரிடம் மட்டும் கேட்பதும் தகாது. வைரமேக தடாகமாகிய உத்திரமேரூர்ப் பெரிய ஏரியும் மாவட்டத்தின் பிற ஏரிகளும் வண்டல் சேர்ந்து மேடிட்டு, சீமைக் கருவேல் மண்டி, வரத்துக் கால்வாய்கள் குறுகிக் கிடக்கும் நிலையில், ஒரு மாத மழை ஒரு நாளில் வந்தால் கலங்கல் வழியவிடும் அளவு போதுமா என்பதைப் பழைய மழைக்கணக்கைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. சூடேறிய வானத்தின் மழையைக் கொண்டு புதிதாக மதிப்பிட வேண்டும். வயலில் நீரை நிரந்தரமாகத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேனும் குறைகிறது, நீரும் மிஞ்சுகிறது என்று வேளாண் விஞ்ஞானிகள் சொல்லும்போது, ஏரிப் பாசனத்து உழவர் அதற்கு உடன்படத் தயங்குவது அறியாமையால் அன்று. அடுத்த முறை மதகு எப்போது திறக்கும், கடைமடைக்கு நீர் வந்து சேருமா என்னும் உறுதி இல்லாதவன், வந்த நீரை வயலில் நிறுத்திவைத்துக்கொள்ளத்தான் செய்வான். ஏரி நிறைய நீர் நின்று, முறை தவறாமல் மதகு திறக்கும் ஊரில் அவனுக்கு அந்தப் பயம் இராது. வண்டலை அள்ளுவதும் கால்வாயை மீட்பதும் மீத்தேனைக் குறைப்பதும் அவன் வயலில் ஒரே வேலையாக முடிகின்றன. மார்ச் 22-இல் உலகத் தண்ணீர் தினத்தன்று ஊராட்சிகளில் கூடும் கிராம சபையில், அந்த வேலைக்கு மதிப்பீடு போடச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்ற யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.